அம்மா கையில் காயம், முதுகில் புண்: முதியோர் இல்லத்தின் மேல் கேஸ் போடலாமா?

வாசகர் கேள்விகள், வழக்கறிஞர் பதில்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 81 வயது. மறதி நோய். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலை வந்ததால் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். போன மாதம் பார்க்கப் போனபோது இரண்டு மேல்கையிலும் கன்னிப்போய் நீலமாக இருந்தது. கேட்டதற்கு, "வயசானவங்களுக்குத் தோல் மெலிசு, லேசா பட்டாலே இப்படி ஆகும்" என்றார்கள். அடுத்த முறை போனபோது இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு இருக்கும் இடத்தில் புண். எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை. அம்மாவிடம் கேட்டால் ஒரு நாள் "அவ அடிச்சா" என்கிறார், மறுநாள் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறார். கேஸ் போட வேண்டும் என்பது என் எண்ணம். அண்ணனோ, "கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சு என்ன கிடைக்கப்போகுது, வேற இடத்துக்கு மாத்திட்டு நிம்மதியா இரு" என்கிறார். யார் சொல்வது சரி?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அண்ணனோடு நடக்கும் வாக்குவாதத்தைச் சில நாட்கள் தள்ளி வையுங்கள். கேஸ் போடுவதா வேண்டாமா என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் இன்றே செய்தாக வேண்டிய காரியங்கள் இரண்டு இருக்கின்றன. அம்மாவுக்கு மேற்கொண்டு எதுவும் ஆகாமல் பார்த்துக்கொள்வது ஒன்று, ஆதாரம் கலையாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. குடும்பங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. போடலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் பேசிவிட்டு, கடைசியில் போடலாம் என்று முடிவெடுக்கும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை. புண் ஆறிவிட்டிருக்கும், கேமரா பதிவு அழிந்திருக்கும், அன்று ட்யூட்டியில் இருந்த பெண் வேலையை விட்டுப் போயிருப்பார்.

முதலில் அம்மா. அந்த இல்லத்தோடு சம்பந்தமில்லாத ஒரு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். சிகிச்சைக்காகத்தான் போகிறீர்கள் என்றாலும், அந்த மருத்துவர் எழுதும் குறிப்பு பின்னால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக வலுவான ஆவணங்களில் ஒன்றாக இருக்கும். காயம் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, புண் எந்த நிலையில் இருக்கிறது, அம்மா என்ன சொன்னார் என்பதையெல்லாம் அவர் வாய் வார்த்தைப்படியே எழுதச் சொல்லுங்கள். யாரோ கை வைக்கிறார்கள் என்று உங்களுக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் இடத்தை மாற்றத் தயங்காதீர்கள். மறதி நோய் உள்ளவர்களுக்கு இடம் மாறினால் குழப்பம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் அடி வாங்கும் இடத்தில் விட்டுவைப்பதற்கு அது காரணமாகாது. உடனே மாற்ற முடியவில்லை என்றால், நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ வேறு வேறு நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல், இரவிலும் வார விடுமுறையிலும் கூடப் போய்ப் பாருங்கள்.

அப்புறம் ஆதாரம். படம் எடுக்கும்போது அம்மா யார் என்று தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று, காயத்தை மட்டும் அருகில் ஒன்று, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து இன்னொன்று எடுங்கள். ஒரு நாளோடு நிறுத்தாமல் சில நாட்கள் தொடர்ந்து எடுங்கள், புண் எப்படி மாறுகிறது என்பது ஒற்றைப் படத்தில் தெரியாது. யாரிடம் பேசினீர்கள், என்ன பதில் வந்தது, அன்று யார் பணியில் இருந்தார்கள் என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இல்லத்திடமிருந்து வந்த வாட்ஸ்அப் செய்திகள், ரசீதுகள், சேர்க்கும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பதிவேடுகளின் நகலைக் கடிதம் மூலம் கேளுங்கள், வாயால் கேட்டால் கேட்டதற்கே சாட்சி இருக்காது. அம்மாவின் பராமரிப்புத் திட்டம், மருந்து கொடுத்த பதிவு, எடை பார்த்த பதிவு, படுக்கையில் புரட்டிப் படுக்க வைத்த நேரங்களின் பதிவு, விழுந்தது அடிபட்டது பற்றிய சம்பவ அறிக்கை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இவற்றைத் தர வேண்டிய கெடு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் சேர்ந்த இல்லங்கள், கேட்டதிலிருந்து 2 வேலை நாட்களுக்குள் நகல் தர வேண்டும், பிரிட்டனில் பொதுவாக ஒரு மாதம். சிசிடிவி இருந்தால், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரையான பதிவை அழிக்கக் கூடாது என்று தனியாக ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிக்கொண்டிருக்கும், பல இடங்களில் சில வாரங்கள்கூடத் தாங்காது. இதையெல்லாம் செய்து முடிக்கும் முன் ஃபேஸ்புக்கில் இல்லத்தின் பெயரைப் போட்டு எழுதிவிடாதீர்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் அவதூறு வழக்குப் போட அவர்களுக்கு ஒரு வாய்ப்பை நீங்களே கொடுத்தது போலாகிவிடும்.

நடந்தது கொடுமையா, அலட்சியமா, அல்லது முதுமையின் இயல்பா என்ற கேள்விக்கு வருவோம். தோல் மெலிசு என்று அவர்கள் சொன்னதை அப்படியே பொய் என்று தள்ளிவிட முடியாது. வயதானவர்களுக்கு, அதிலும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு, முன்கையிலும் புறங்கையிலும் காரணமே தெரியாமல் கன்னிப்போகும். ஆனால் இரண்டு மேல்கையிலும் ஒரே மாதிரி, அதுவும் விரல் பதிந்தது போல இருந்தால் யாரோ இறுக்கிப் பிடித்திருக்கலாம் என்று யோசிக்க வேண்டும். மணிக்கட்டைச் சுற்றி இருந்தால் கட்டிப் போட்டிருக்கலாம். முகம், கழுத்து, காது, தொடையின் உள்பக்கம் இங்கெல்லாம் வரும் காயம் தற்செயலாக வருவது குறைவு. நிறத்தை வைத்து இது மூன்று நாள் பழசு, ஐந்து நாள் பழசு என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், அப்படித் துல்லியமாகச் சொல்ல முடியாது.

எனக்கு அந்தக் காயத்தைவிட அந்தப் புண்தான் பெரிதாகப் படுகிறது. படுக்கைப் புண் எலும்பு துருத்தும் இடங்களில், வால் எலும்பு, குதிகால், இடுப்பு எலும்பு இங்கெல்லாம், ஒரே பக்கமாக அழுத்தம் விழுவதால் வருகிறது. மருத்துவர்கள் இதை 4 நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காது, சிவந்திருக்கும், அழுத்தினாலும் அந்தச் சிவப்பு வெளுக்காது. நான்காவது நிலையில் தசையோ எலும்போ தெரியும். நம்மைப் போல் கருத்த தோல் உள்ளவர்களிடம் முதல் நிலைச் சிவப்பு கண்ணில் படாமல் போகலாம், அந்த இடம் சுற்றிலும் உள்ள தோலைவிடக் கருத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கும். தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். நல்ல கவனிப்பு இருந்தும், உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவர்களுக்கு இந்தப் புண் வருவதுண்டு, அதனால் புண் வந்ததே குற்றத்துக்கு நிரூபணம் ஆகாது. இவருக்குப் புண் வரும் ஆபத்து இருக்கிறது என்று முன்பே கணித்தார்களா, நேரம் பார்த்துப் புரட்டிப் படுக்க வைத்தார்களா, புண் தெரிந்ததும் மருத்துவரைக் கூப்பிட்டார்களா, குடும்பத்துக்குச் சொன்னார்களா என்பதைத்தான் நீதிமன்றம் கேட்கும். கடைசிக் கேள்விக்கான பதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

இதோடு இன்னும் இரண்டைப் பாருங்கள். ஒன்று எடை. ஒரே மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, சாப்பாடும் தண்ணீரும் ஒழுங்காகப் போகவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். இன்னொன்று மருந்து. மறதி நோயாளி சத்தம் போடாமல் கிடக்க வேண்டும் என்பதற்காக மனநோய்க்கான மாத்திரைகளைக் கொடுத்து மயக்கத்தில் வைப்பது உலகம் முழுக்க இருக்கும் பழக்கம். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005-லேயே கடுமையான எச்சரிக்கை விடுத்தது. அம்மா எப்போதும் தூங்கி வழிந்துகொண்டிருந்தால் மருந்துப் பட்டியலை வெளி மருத்துவரிடம் காட்டுங்கள்.

அம்மா சொல்வது மாறி மாறி இருப்பதால் அதற்கு மதிப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். "அவ அடிச்சாளா?" என்று கேட்காதீர்கள், அது நீங்களே பதிலை வாயில் ஊட்டுவதாகிவிடும். "கையில என்ன ஆச்சும்மா?" என்று கேட்டுவிட்டு அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் வந்ததும் அம்மா ஒடுங்கிப் போகிறாரா என்று கவனியுங்கள், நினைவு தப்பினாலும் பயம் சட்டென்று தப்பிப் போவதில்லை.

இப்போது கேஸ். சட்ட நடவடிக்கை என்றாலே எல்லோரும் இழப்பீட்டு வழக்கைத்தான் நினைக்கிறார்கள், ஆனால் உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. இல்லத்துக்கு அனுமதி தந்து கண்காணிக்கும் அரசு அமைப்பிடம் புகார் கொடுக்கலாம், போலீசுக்குப் போகலாம், சிவில் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ இழப்பீடு கேட்கலாம். ஒன்றில் போனால் மற்றது அடைபட்டுவிடும் என்பது பொதுவாக இல்லை. முதல் வழிக்கு வக்கீலே தேவையில்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் இல்லவாசிகளின் புகாரைக் கேட்க ஆம்புட்ஸ்மன் இருக்கிறார், இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றத்தின் பாதுகாப்புப் பிரிவிடம் சொன்னால் விசாரிக்க வேண்டிய கடமை 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கு உண்டு, இந்தியாவில் 14567 என்ற மூத்தோர் உதவி எண்ணில் தொடங்கலாம். அதிகாரி நேரில் வந்து சோதனை போட்டு எழுதும் அறிக்கை பின்னால் உங்கள் வழக்குக்கே முதுகெலும்பாக நிற்கலாம், அதுவும் உங்கள் கைக்காசு செலவில்லாமல். கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் அவ்வளவு தேவையில்லை, நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதனால் போலீஸ் கேஸ் நிற்கவில்லை என்பதற்காக இழப்பீட்டு வழக்கும் தோற்றுவிடும் என்று நினைக்க வேண்டாம்.

இழப்பீட்டு வழக்கில் உங்களைத் திணறடிக்கப்போவது ஒரே ஒரு விஷயம்: இல்லம் செய்த தவறால்தான் அம்மாவுக்கு இந்தக் கேடு வந்தது என்ற தொடர்பை நிரூபிப்பது. எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்த எடுப்பிலேயே 81 வயது, மறதி நோய், சர்க்கரை இருந்தால் சர்க்கரை என்று அடுக்குவார். இதை உடைக்க ஒரு மருத்துவ நிபுணரின் கருத்து பெரும்பாலும் தேவைப்படும், அதற்குச் செலவாகும். இன்னொரு கசப்பான உண்மையும் இருக்கிறது. இழப்பீட்டைக் கணக்கிடும்போது போன சம்பளம், போகப்போகும் சம்பளம் என்று ஒரு பெரிய பகுதி வரும், வேலைக்குப் போகாத ஒரு மூதாட்டிக்கு அந்தப் பகுதியே கிடையாது. மருத்துவச் செலவும் பட்ட வேதனைக்கான தொகையும்தான் மிஞ்சும். இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன், ஆனால் வழக்குப் போடும் முன் தெரிந்துகொள்வது நல்லது. வக்கீல் கட்டணமும் ஊருக்கு ஊர் வேறு. ஜெயித்தால் பங்கு என்ற ஏற்பாடு அமெரிக்காவில் சகஜம், இந்தியாவில் வக்கீல்கள் அப்படி வாங்கக் கூடாது.

ஒப்பந்தத்தையும் ஒரு வரி விடாமல் படியுங்கள். தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் நடுவர் மன்றத்தில்தான் தீர்க்க வேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கலாம். அமெரிக்காவில் இந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டால்தான் சேர்ப்போம் என்று மெடிகேர், மெடிகெய்ட் இல்லங்கள் வற்புறுத்தக் கூடாது என 2019-இல் விதி வந்தது, கையெழுத்திட்டாலும் 30 நாட்களுக்குள் திரும்பப் பெறலாம்.

முடிவு செய்ய அவகாசம் இருக்கிறது என்று நான் சொன்னதற்கு ஒரு எல்லையும் உண்டு. இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுகள். இங்கிலாந்தில் உடல் காய வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுகள், பாதிக்கப்பட்டவருக்கு முடிவெடுக்கும் மனத்திறன் இல்லாத காலம் அதில் சேராது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஒரே ஆண்டில் கதவு மூடும் மாநிலங்களும் உண்டு. ஆகவே ஒரு வக்கீலை இப்போதே பார்த்து, கடைசித் தேதி எது என்பதை மட்டுமாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேராக என் கருத்து இது. கண்காணிப்பு அமைப்பிடம் புகாரை இந்த வாரமே கொடுங்கள், அதில் அண்ணனுக்கும் ஆட்சேபணை இருக்கக் கூடாது, ஏனென்றால் அம்மாவை நீங்கள் மாற்றிவிட்டாலும் அந்த அறைக்கு வேறொருவரின் அம்மா வருவார். இழப்பீட்டு வழக்கைப் பதிவேடுகள் வந்த பிறகு முடிவு செய்யுங்கள். புரட்டிப் படுக்க வைத்த பதிவே இல்லை, அல்லது ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் ஒரு மாதத்துக்கும் சேர்த்து நிரப்பியிருக்கிறார்கள் என்றால் வழக்கில் உயிர் இருக்கிறது. அம்மாவுக்காக வழக்குப் போடும் அதிகாரம் யாருக்கு என்பதையும் அதற்குள் சரிசெய்துவிடுங்கள். அம்மா நல்ல நினைவோடு இருந்தபோது கொடுத்த சாதாரணப் பவர் பத்திரம் இப்போது செல்லாமல் போயிருக்கலாம், சட்டப்படி பாதுகாவலராக நியமனம் கேட்க வேண்டியிருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு நினைவெல்லாம் தெளிவு. குளிப்பாட்டும் ஆள் தினமும் கெட்ட வார்த்தையில் திட்டுகிறான், மணி அடித்தால் வேண்டுமென்றே வராமல் இருக்கிறான் என்று அவரே சொன்னார். ஆனால் புகார் கொடுக்கலாம் என்றால், "வேண்டாம்ப்பா, நீ போன பிறகு நான்தானே இங்க இருக்கணும்" என்கிறார். அவர் பேச்சை மீறிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: நினைவு தெளிவாக இருக்கும் ஒருவருக்கு, தன் விஷயத்தில் முடிவெடுக்கும் உரிமை 80 வயதிலும் 90 வயதிலும் அப்படியேதான் இருக்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் அவர் பெயரில் வழக்குப் போட உங்களால் முடியாது, முடிந்தாலும் போடக் கூடாது.

ஆனால் அவர் சொன்ன வாக்கியத்தை இன்னொரு தரம் படியுங்கள். புகார் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, அங்கே இருந்துகொண்டு புகார் கொடுக்கப் பயமாக இருக்கிறது என்கிறார். அந்தப் பயத்தை முதலில் தீருங்கள். "வேற இடம் பார்த்து உங்களை மாத்தின பிறகு புகார் கொடுக்கலாமாப்பா?" என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாக வேறு பதில் வரும். மாற விருப்பமில்லை என்றால், அந்த ஆளை மட்டும் அப்பாவின் அறைக்கு அனுப்பக் கூடாது என்று நிர்வாகத்திடம் கடிதமாகக் கேளுங்கள், அப்பா படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகு. திட்டுவதும் கொடுமைதான், மணி அடித்தும் வராமல் இருப்பதும் கொடுமைதான், உடம்பில் தழும்பு இருந்தால்தான் புகார் செல்லும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அறையில் ரகசியக் கேமரா வைக்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். அமெரிக்காவில் டெக்சாஸ், இல்லினாய் போன்ற மாநிலங்கள் இல்லவாசியின் அறையில் கேமரா வைப்பதைச் சட்டம் போட்டே அனுமதிக்கின்றன, அதற்கும் அறையில் கூட இருப்பவரின் சம்மதம் வேண்டும். பல இடங்களில் சட்டம் தெளிவாக இல்லை. அப்பாவுக்குத் தெரியாமல் வைக்கவே வைக்காதீர்கள், குளிப்பதும் உடை மாற்றுவதும் அதில் பதிவாகும்.

கேள்வி: மாமியார் இறந்து ஐந்து நாள் ஆகிறது. விழுந்துவிட்டார் என்று இல்லத்திலிருந்து போன் வந்தது, மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. எப்போது விழுந்தார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரம் சொல்கிறார்கள். தகனம் முடிந்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: செய்யலாம். பிரேதப் பரிசோதனை இருந்திருந்தால் வழி சுலபமாக இருந்திருக்கும். இதைப் படிக்கும் மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள், விழுந்ததற்குப் பிறகு வந்த மரணத்தில் சந்தேகம் இருந்தால் தகனத்துக்கோ அடக்கத்துக்கோ முன்பு பரிசோதனை கேட்க உங்களுக்கு வழி உண்டு, துக்கத்தில் இருக்கும் வீட்டில் அதைச் சொல்ல யாராவது ஒருவர் துணிய வேண்டும்.

உங்களுக்கு இப்போது மிச்சமிருப்பவை ஆஸ்பத்திரி ஆவணங்கள். அவசரப் பிரிவில் முதலில் எழுதிய குறிப்பில் எத்தனை மணிக்குக் கொண்டுவந்தார்கள், எப்படி விழுந்ததாகக் கூட வந்தவர் சொன்னார் என்பது இருக்கும். ஸ்கேன் படங்கள், மரணச் சான்றிதழில் எழுதியிருக்கும் காரணம், ஆம்புலன்ஸ் அழைத்த நேரம், இல்லத்திலிருந்து உங்களுக்கு வந்த போன் அழைப்பின் நேரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். விழுந்தது தானாகவே தவறாகிவிடாது, எவ்வளவு கவனித்தாலும் முதியவர்கள் விழுவார்கள். ஆனால் விழுந்து பல மணி நேரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றால், அல்லது முன்பே இரண்டு மூன்று முறை விழுந்தும் கவனிப்பில் ஒன்றையும் மாற்றவில்லை என்றால், அங்கே அலட்சியம் இருக்கிறது. இறந்தவர் சார்பில் யார் வழக்குப் போடலாம், எதற்கெல்லாம் இழப்பீடு கேட்கலாம் என்பது ஒவ்வொரு நாட்டிலும் வேறு மாதிரி. பெரும்பாலும் கணவர், மகன், மகள் என்று நேர் வாரிசு முன்னால் நிற்க வேண்டியிருக்கும், மருமகளாக நீங்கள் எல்லா வேலையும் செய்தாலும் கையெழுத்து அவர்களுடையதாக இருக்க வேண்டும். இல்லத்திலிருந்து ஒரு தொகை கொடுத்து, இனி எந்த உரிமையும் கோர மாட்டேன், வெளியே பேச மாட்டேன் என்று எழுதிக் கேட்டால், வக்கீல் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கேள்வி: நான் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். இரவு ஷிஃப்டில் ஒரு நர்ஸ் ஒரு பாட்டியைக் கட்டிலோடு கட்டுவதைப் பார்த்தேன். சொன்னால் வேலை போகும். அந்தக் குடும்பம் கேஸ் போட்டால் என்னையும் இழுப்பார்களா?

பதில்: இதை எழுதியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்தது அரிதான ஒன்றல்ல. இல்ல ஊழியர்களிடம் நடத்திய ஆய்வுகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் சொல்வது, கடந்த ஓராண்டில் ஏதாவது ஒரு வகையில் முதியவர்களிடம் தவறாக நடந்ததை மூன்றில் இரண்டு பேர் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பது. ஆள் பற்றாக்குறையும் தொடர் ஷிஃப்டும் எவ்வளவு அழுத்தம் தரும் என்று உங்களுக்குத்தான் தெரியும், அதைப் புகாரில் எழுதவும் செய்யுங்கள். இரவில் இத்தனை பேருக்கு ஒரே ஆள்தான் என்ற விவரம் அந்த நர்ஸைத் தாண்டி நிர்வாகத்தின் பொறுப்பைக் காட்டும்.

கேஸ் வந்தால் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடலாம். தெரிந்தும் மறைத்தவர் என்று பெயர் வாங்குவதைவிட முதலில் சொன்னவர் என்று நிற்பது உங்களுக்கே பாதுகாப்பு. இல்லத்தில் வேலை செய்பவர்கள் கொடுமையைக் கண்டால் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்ட நாடுகளும் மாநிலங்களும் உண்டு, சொல்லாமல் விட்டால் தண்டனையும் உண்டு. தேதி, நேரம், எதை வைத்துக் கட்டினார்கள், எவ்வளவு நேரம், கட்ட மருத்துவர் உத்தரவு இருந்ததா என்பதை மறக்கும் முன் எழுதி வீட்டில் வையுங்கள். பதிவேட்டைத் திருட்டுத்தனமாகப் படம் எடுக்காதீர்கள், நோயாளியின் ரகசியத்தை மீறினார் என்று உங்களையே நீக்குவார்கள். உள்ளே சொன்னால் அமுக்கிவிடுவார்கள் என்று தோன்றினால் நேராகக் கண்காணிப்பு அமைப்பிடம் போங்கள், பெயர் சொல்லாமல் புகார் கொடுக்கப் பல இடங்களில் வசதி இருக்கிறது. அந்தப் பாட்டி இன்று இரவும் கட்டப்படுவார் என்று நினைத்தால் நாளைக் காலை வரை காத்திருக்க வேண்டாம், போலீசைக் கூப்பிடுங்கள்.